மூடி அர்மாஸ்

கோட்கா துறைமுகத்திலிருந்து கிழக்கே ரஷ்ய எல்லைவரை நீளும் கரையில், படகு வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் அர்மாஸ் கியூருவைத் தெரியும். பெயர் தெரியாதவர்கள்கூட ஆளை அடையாளம் சொல்வார்கள். தார் பூசிய பழைய மரப்படகு, அதில் இரண்டு மூட்டை சிமெண்ட், ஒரு கட்டுக் கம்பி, கொஞ்சம் பலகை, நெற்றியில் சுரங்கத் தொழிலாளி மாட்டுவது போன்ற விளக்கு. சனிக்கிழமை காலையில் ஏதாவது ஒரு தீவில் இறங்குவார். போர்க்காலத்தில் கட்டிய பீரங்கி மேடைகளுக்கும் பாறையைக் குடைந்த அறைகளுக்கும் உள்ளே போய்த் தேடுவார். திறந்து கிடக்கும் குழி, கிணறு, காற்றுத் துவாரம் எது கண்ணில் பட்டாலும் அளவெடுத்து, அடுத்த வாரமே வந்து மூடி போட்டுவிட்டுப் போவார்.

'மூடி அர்மாஸ்' என்று பெயர் விழுந்தது அதனால்தான். ஏன் இப்படி அலைகிறார் என்று ஊரில் யாரும் கேட்பதில்லை. மகள் போன கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் தெரிந்தது பாதிதான். மீதியை அர்மாஸ் பல வருடம் தன்னோடே வைத்திருந்தார்.

அவருக்குப் பதினெட்டு வயது நிரம்பியபோது போர் முடியப்போகிற கோடை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்கு. குர்கிநியெமி என்ற பாறைமுனையில் இருந்த கடற்கரைப் பீரங்கிப் படையில் சேர்த்தார்கள். குண்டு சுமக்கிற வேலை. அடியில் பாறைக்குள் குண்டு அறை, மேலே பீரங்கி மேடை, இரண்டுக்கும் நடுவே குண்டுகளைத் தூக்கும் கிணறு. சதுரமான கிணறு, ஒன்பது மீட்டர் ஆழம். சுவரில் ஏறி இறங்க இரும்புப் படிகள் பதித்திருந்தார்கள். வாயில் கனத்த இரும்பு மூடி. அந்தக் கோடை முழுவதும் பீரங்கிகள் இரண்டே முறைதான் முழங்கின. இரண்டும் மூடுபனிக்குள் போயின. எதன்மேல் விழுந்தன என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது.

இலையுதிர் காலத்தில் போர் நிறுத்தம் வந்தது. ரஷ்யர்களோடு செய்த உடன்படிக்கைப்படி பெரிய பீரங்கிகளைக் கழற்றி மேற்கே கொண்டுபோய்விட்டார்கள். குர்கிநியெமியில் மிஞ்சியது கான்கிரீட்டும் இரும்பும். நான்கு வருடம் கழித்து, நாட்டுக்கே இரும்பு தேவைப்பட்ட காலத்தில், அந்தப் பழைய இரும்பை வெட்டி எடுக்க ஒரு காண்ட்ராக்டர் ஆள் பிடித்தார். வெல்டிங் கற்றிருந்த அர்மாஸ் போய்ச் சேர்ந்தார். கதவுகள், தண்டவாளங்கள், குழாய்கள், எல்லாவற்றையும் கேஸ் கட்டரால் அறுத்தார்கள். குண்டுக் கிணற்றின் மூடியை அறுத்தது அர்மாஸ். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு உள்ளே இறங்கி, கீழிருந்து மேலாக ஒவ்வொரு படியையும் அறுத்ததும் அவர்தான்.

மேஸ்திரி லெஹிக்கோ என்று ஒரு தடித்த மனிதர். சாயங்காலம் லாரி ஏறும்போது அர்மாஸ் கேட்டார்.

"கிணத்து வாய் தொறந்து கெடக்கே, அண்ணே?"

"இங்க யாருடா வரப்போறா? கொக்கா? ரெண்டு பலகையப் போட்டு மூடிட்டு வா."

அர்மாஸ் ஆறு பலகை போட்டார். மேலே கல் வைத்தார். நல்ல தேவதாருப் பலகைதான். அதற்குமேல் அதைப் பற்றி நினைக்கவில்லை. இருபத்திரண்டு வயதில் அவருக்கு நினைக்க வேறு விஷயங்கள் இருந்தன.

துறைமுகப் பட்டறையில் நிரந்தர வேலை கிடைத்தது. தபால் நிலையத்தில் வேலை பார்த்த சைமியைக் கல்யாணம் செய்தார். ஆறு வருடம் குழந்தை இல்லாமல் இருந்து, இனி இல்லை என்று இருவரும் மனதைத் தேற்றிக்கொண்டபோது விர்பி பிறந்தாள்.

விர்பிக்கு வாய் அதிகம். சைமியும் அர்மாஸும் ஒரு நாள் முழுக்கப் பேசுகிறதை அவள் காலை உணவுக்குள் பேசி முடித்துவிடுவாள். எங்கே போனாலும் அந்த இடத்தைத் தாளில் வரைந்துகொண்டு வருவாள். பள்ளிக்கூடத்து நிலவறை, தேவாலய மணிக்கூண்டு, பக்கத்து வீட்டு மாட்டுத் தொழுவம் எல்லாவற்றுக்கும் அவளிடம் வரைபடம் இருந்தது. கூட ஒருத்தி, கிர்ஸி. ரொட்டிக் கடையில் வேலை செய்த ஐலியின் ஒரே மகள். இருவரும் ஒரே வகுப்பு, ஒரே உயரம். தூரத்திலிருந்து பார்த்தால் யார் யாரென்று தெரியாது. பேச்சு கேட்டால் தெரியும், பேசுகிறவள் விர்பி, சிரிக்கிறவள் கிர்ஸி.

எழுபத்தாறாம் வருடம் ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை. விர்பிக்கு அப்போது பதினான்கு வயது. பட்டாணி சூப் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது விர்பி கேட்டாள்.

"அப்பா, குர்கிநியெமில நீ பீரங்கி சுட்டியாமே?"

"நான் சுடல. குண்டு தூக்கினேன்."

"அந்தக் குண்டு அறை எந்தப் பக்கம்? நானும் கிர்ஸியும் ரெண்டு தடவ போய்த் தேடிட்டோம், கிடைக்கவே இல்ல."

"எதுக்கு அங்கெல்லாம் போறீங்க? அங்க ஒண்ணும் இல்ல. எல்லாம் காலி."

"ஒண்ணும் இல்லாததப் பாக்கறதுல உனக்கென்ன கஷ்டம்?"

சைமி சிரித்துவிட்டாள். "உன்னால இவள ஜெயிக்க முடியாது, விடு."

"போகாதேன்னா போகாதே" என்று அர்மாஸ் சொன்னார். அவ்வளவுதான். கிணறு இருக்கிறது என்று சொல்லவில்லை. அந்த நேரத்தில் கிணறு அவர் நினைவில் இல்லவே இல்லை. இதைப் பிறகு அவர் தனக்குள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். மறந்துதான் போயிருந்தது. உண்மைதான், ஆனால் அந்த உண்மை எதற்கும் உதவவில்லை.

சனிக்கிழமை இரண்டு பெண்களும் புளூபெரி பறிக்கப் போகிறோம் என்று சொல்லி வாளியோடு சைக்கிளில் கிளம்பினார்கள். மத்தியானத்துக்குமேல் கிர்ஸி மட்டும் காட்டுப் பாதையில் ஓடிவந்து, முதலில் கண்ணில் பட்ட வீட்டின் கதவைத் தட்டினாள். தீயணைப்பு வண்டி போனது. பட்டறையிலிருந்து அர்மாஸைக் கூட்டிப் போனார்கள்.

அவர் பாறைமேல் ஏறியபோது விர்பியை மேலே எடுத்துவிட்டிருந்தார்கள். பாசி படர்ந்து ஊசியிலை மூடி, தரை மாதிரியே ஆகிவிட்ட ஒரு இடத்தில் சதுரமாகக் கறுப்பு ஓட்டை. கீழே தண்ணீரில் உளுத்த பலகைத் துண்டுகள் மிதந்தன. அர்மாஸ் முதலில் மகளைப் பார்த்தாரா பலகையைப் பார்த்தாரா என்று பிறகு அவருக்கே நினைவில்லை. ஒரு தீயணைப்பு வீரர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "இதுல படி கிடி ஒண்ணும் இல்லீங்க. யாரோ வெட்டி எடுத்திருக்காங்க" என்றார். அர்மாஸ் தலையை ஆட்டினார்.

மருத்துவர் சைமியிடம் சொன்னார். "தலையில அடி. விழுந்ததும் நினைவு போயிருக்கும். ஒண்ணும் தெரிஞ்சிருக்காதும்மா." சைமி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த பல மாதம் யார் வந்தாலும் அதையே சொன்னாள்.

ஊர் ஒரு காரணம் தேடியது. கிடைத்தது கிர்ஸி. அவள்தான் கூட்டிப்போனாளாம், அவள்தான் பலகைமேல் நடக்கச் சொல்லிப் பந்தயம் கட்டினாளாம். யார் ஆரம்பித்த பேச்சு என்று தெரியாது. ரொட்டிக் கடையில் ஐலியிடம் சில பெண்கள் ரொட்டி வாங்குவதை நிறுத்தி, அடுத்த கல்லாவில் போய் நின்றார்கள். அடக்கம் முடிந்து எல்லோரும் காபிக்கு வீட்டுக்கு வந்தபோது, கிர்ஸி அம்மாவோடு வாசலில் நின்றாள். சைமி கதவருகே போனாள்.

"நீ உள்ள வராதம்மா. உன்னப் பாத்தா என்னால முடியாது."

 ஐலி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அர்மாஸ் கூடத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் போதும். மூடியை எடுத்தது நான் என்று ஒரு சொல். கையில் காபிக் கோப்பை இருந்தது. அதைக் கீழே வைக்க இடம் தேடினார். அதற்குள் அவர்கள் வேலிக்கதவைத் தாண்டிவிட்டார்கள்.

அந்தக் கிணற்றை யார் மூட வேண்டும் என்று இரண்டு அலுவலகங்கள் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதிக்கொண்டன. பனி விழுவதற்குள் அர்மாஸே போய் மூடினார். முதல் மூடியை இரும்பில் செய்ய நினைத்து, பட்டறையில் தகடு வெட்டக்கூட ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டார். இரும்பாக இருந்தால் என்றைக்காவது ஒருவன் கேஸ் கட்டரோடு வருவான். அது அவருக்குத் தெரிந்ததுபோல் யாருக்குத் தெரியும்? சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றினார். இறுகும்வரை மூன்று நாள், பட்டறை விட்டதும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அது ஒன்றோடு நின்றிருக்கலாம். அடுத்த வசந்தத்தில் பக்கத்துத் தீவில் இன்னொரு கிணறு இருந்தது நினைவுக்கு வந்தது. அப்புறம் இன்னொன்று. அவர் இரும்பு அறுத்த இடங்கள், அறுக்காத இடங்கள், போருக்கு முன்பே ரஷ்யர்கள் குடைந்த பழைய அறைகள். சில இடங்களில் காடு எல்லாவற்றையும் விழுங்கியிருந்தது. கம்பியால் தரையைக் குத்திக் குத்தி, சத்தம் மாறுகிற இடத்தைக் கண்டுபிடிப்பார். இருட்டு அறைகளில் வவ்வால்கள் குளிர்காலத்துக்குத் தூங்கும். அவற்றுக்காக மூடியில் கைப்பிடி அகலத்துக்கு ஒரு இடைவெளி விடக் கற்றுக்கொண்டார். ஒரு அறையின் சுவரில் நாற்பத்து மூன்றாம் வருடத்துச் சாப்பாட்டுப் பட்டியல் கரியால் எழுதியபடியே இருந்தது. இன்னொன்றில் யாரோ விட்டுப்போன ஒற்றை பூட்ஸ். விர்பியாக இருந்தால் இதையெல்லாம் வரைந்திருப்பாள் என்று தோன்றும். உடனே வேலையைப் பார்ப்பார்.

வீட்டில் சிமெண்ட் தூசி. சைமி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"எத்தன மூடி போட்டா முடியும், அர்மாஸ்?"

"கிடைக்கிறவரைக்கும்."

"நம்ம பொண்ணுக்கும் கல்லு வெச்சு மூடியாச்சு. இன்னும் யாருக்குப் போடற?"

அவர் சிமெண்ட் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். நான்காவது வருடம், மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலைக் காபிக்குப் பிறகு சொன்னார். மேசைத் துணியைப் பார்த்தபடியே சொன்னார். மூடி, படிகள், ஆறு பலகை, லெஹிக்கோ, எல்லாம்.  முடிந்ததும் சைமி எழுந்து கோப்பைகளைக் கழுவி வைத்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு பேருந்து ஏறி லாதியில் இருந்த அக்காவின் வீட்டுக்குப் போய்விட்டாள். பதினோராம் நாள் திரும்பி வந்தாள். பையைக் கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொன்னியா?"

"யாருகிட்ட?"

"கிர்ஸிகிட்ட. ஐலிகிட்ட."

"இல்ல. கிர்ஸி ஸ்வீடன் போயிட்டாளாம். போன வருஷமே."

"லெட்டர் போடு. நான் அவளை வாசல்ல நிக்க வெச்சுத் திருப்பி அனுப்பினேன். நீ பாத்துக்கிட்டு நின்ன."

"போடறேன்."

"நீதான் சொல்லணும், அர்மாஸ். நான் சொன்னா அது வெறும் தகவல்தான்."

எழுதுகிறேன் என்று சொன்னவர் எழுதவில்லை. எத்தனையோ முறை உட்கார்ந்தார். 'அன்புள்ள கிர்ஸி' வரைக்கும் வந்தது. ஐலியைத் துறைமுகத் தெருவில் பார்த்தால் தொப்பியைத் தொட்டுவிட்டு நடந்துவிடுவார். சைமி சில மாதம் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டாள். பிறகு, வேண்டியதற்கு மேல் அவரோடு பேசுவதையும் விட்டாள். ஆனால் சனிக்கிழமை காலையில் ரை ரொட்டியும் வேகவைத்த முட்டையும் காபி பிளாஸ்கும் கட்டிப் படகுக்கு எடுத்துப்போக வைத்திருப்பாள். அது ஒருநாளும் தவறியதில்லை. அதை எப்படி எடுத்துக்கொள்வதென்று அர்மாஸுக்குக் கடைசிவரை தெரியவில்லை. வாங்கிக்கொண்டு போவார்.

இப்படிப் பதின்மூன்று வருடம் போனது.

தொண்ணூற்று மூன்றாம் வருடம் மே மாதம் ஐலி இறந்தாள். அடக்கத்துக்கு அர்மாஸ் போகவில்லை. மூன்றாம் நாள், அவர் தோட்டத்தில் மணல் சலித்துக்கொண்டிருந்தபோது வேலிக்கதவருகே ஒரு பெண் நின்றாள். முப்பது வயதுக்குமேல் இருக்கும். வெட்டிய கூந்தல், மழைக்கோட்டு.

"மாமா, நான் கிர்ஸி."

அவர் சல்லடையைக் கீழே வைத்தார். "தெரியுது. அம்மா விஷயம் கேள்விப்பட்டேன். வருத்தமா இருக்கு."

"நாளைக்கழிச்சு கப்பல். அதுக்குள்ள அந்த இடத்துக்கு ஒரு தடவ போகணும். தனியா போக முடியல. பாதி வழில திரும்பிட்டேன்."

அர்மாஸ் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். சமையலறை ஜன்னலில் சைமி நின்றுகொண்டிருந்தாள். அவள் அங்கிருந்து நகரவில்லை.

"படகுல போலாம். நடந்தா சேறு" என்றார்.

 ஸ்வீடனில் வெஸ்தெரோஸ் நகரில் மருத்துவமனைச் சலவையில் வேலை என்று வழியில் கிர்ஸி சொன்னாள். கல்யாணம் ஆகி முறிந்ததென்றாள். குர்கிநியெமியில் இறங்கி, பீரங்கி மேடையைச் சுற்றி மேலே ஏறினார்கள். மூடியின்மேல் பாசி படர்ந்திருந்தது. அர்மாஸ் கையால் அதைத் தள்ளிக் கான்கிரீட்டைக் காட்டினார்.

"நான் போட்டது. அந்த வருஷமே."

கிர்ஸி அதன்மேல் கால் வைக்காமல் ஓரத்தில் குந்தினாள். "கீழ போக வழி இருக்கா?" என்று கேட்டாள்.

குண்டு அறைக்குப் பக்கவாட்டில் ஒரு நுழைவு இருந்தது. அதை அர்மாஸ் கம்பிக் கதவு போட்டுப் பூட்டியிருந்தார். திறந்து, விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னே நடந்தார். கணுக்கால் அளவு தண்ணீர், சுவரெல்லாம் ஈரம். கடைசியில் கிணற்றின் அடிப்பகுதிக்குத் திறக்கும் வாசல் கல் சரிந்து பாதிக்குமேல் அடைபட்டிருந்தது. மிஞ்சிய இடைவெளியில் கறுப்புத் தண்ணீர்.

"இந்த வழி எங்களுக்குத் தெரியல" என்றாள் கிர்ஸி. "தெரிஞ்சிருந்தா கைய நீட்டியிருப்பேன்."

"அவ விழுந்தப்பவே..." என்று அர்மாஸ் ஆரம்பித்தார்.

"இல்ல, மாமா."

அவர் விளக்கைத் திருப்பினார். வெளிச்சம் முகத்தில் பட்டதும் கிர்ஸி கண்ணை மூடிக்கொண்டாள். மூடியபடியே சொன்னாள்.

"அவ ஒரு மணி நேரம் உயிரோட இருந்தா. மேலேயும் இருக்கலாம். காலு உடைஞ்சிருந்துச்சு. ஏதோ ஒரு குழாய்த் துண்டப் பிடிச்சுக்கிட்டுப் பேசிக்கிட்டே இருந்தா. நான் ஓடிப்போய் ஆளக் கூட்டிட்டு வரேன்னேன். போகாத, ரொம்ப இருட்டா இருக்கு, உன் குரல் கேட்டாப் போதும்னா. நான் போகல. ஸ்வெட்டரக் கழட்டி முடிச்சுப் போட்டு எறக்கினேன், எட்டல. மரக்கிளய ஒடிச்சு எறக்கினேன், எட்டல. அவ பேச்சு குழற ஆரம்பிச்சப்பதான் ஓடினேன். போலீஸ்காரர், உடனே ஓடி வந்தியாம்மான்னு கேட்டார். தலைய ஆட்டிட்டேன். பதினேழு வருஷமா ஆட்டிக்கிட்டே இருக்கேன்."

அர்மாஸ் விளக்கை ஒரு கல்மேல் வைத்தார். அவளைத் தாண்டி நடந்து, நுழைவு வழியாக வெளியே போய்விட்டார். பாறை ஓரத்தில், கடலுக்கு எதிரில் நின்றார். அலை இல்லாத நாள். தூரத்தில் ஒரு சரக்குக் கப்பல் நகராததுபோல் நகர்ந்தது. ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் அவர் பட்டறையில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று யோசித்தார். நினைவுக்கு வந்தது. ஓவர்டைம். ஒரு படகின் சுக்கானை ஒட்டவைத்துக்கொண்டிருந்தார். வெளியே நல்ல வெயில் அடித்தது.

இனி அவர் திரும்பமாட்டார் என்று கிர்ஸி நினைத்திருக்க வேண்டும். வெளியே வந்தபோது அவள் கையில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அணைக்கத் தோன்றவில்லை.

"என்ன பேசினா?" என்று அர்மாஸ் கேட்டார். கடலைப் பார்த்தபடியே.

"சும்மா. எல்லாம் பேசினா. உங்களுக்குத் தெரியாதா அவளப் பத்தி? புளூபெரி கொட்டிப்போச்சான்னு கேட்டா. கணக்கு டீச்சர் மாதிரி பேசிக் காட்டினா. அப்பாகிட்ட சொல்லிடாத, போகாதேன்னு சொல்லியும் போயிட்டேன்னு திட்டுவார்னா." விளக்கை மற்றக் கைக்கு மாற்றினாள். "அப்புறம், சுவத்துல படி இருந்த அடையாளம் இருக்குடி, வரிசையா இரும்பு மொட்டு மொட்டா கைக்குத் தட்டுப்படுது, படியத்தான் காணோம்னா. இருந்திருந்தா ஒத்தக் காலாலயே ஏறி வந்துடுவேன்னா."

அர்மாஸ் பாறையில் உட்கார்ந்தார்.

"அந்தப் படிய வெட்டினது நான்தாம்மா."

கிர்ஸிக்குப் புரியவில்லை. அவர் மறுபடி சொன்னார். இந்த முறை தொடக்கத்திலிருந்து. பழைய இரும்பு, லெஹிக்கோ, மூடி, ஆறு பலகை. சைமியிடம் சொன்னதைவிடக் குறைந்த சொற்களில் சொல்லி முடித்தார்.

"அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு? அடக்கத்தன்னிக்கு?"

"தெரியும்."

"எங்கம்மாவும் நானும் வாசல்ல நின்னப்ப?"

"தெரியும்."

அவள் விளக்கை அணைத்தாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அர்மாஸ் நினைத்தார்.

"எங்கம்மா அத்தன வருஷம் அந்தக் கடைல நின்னா, மாமா. ஒருத்தரும் முகம் பாத்துப் பேசல. ஓய்வு கொடுக்கற அன்னிக்கு அவளே கேக் செஞ்சு எடுத்துட்டுப் போனா. யாரும் தொடலயாம். அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துட்டா. போன்ல சிரிச்சுக்கிட்டே சொன்னா. நான் ஒரு மணி நேரம் நின்னது தப்புதான், அதுக்கு எனக்கு வேணும். அவ என்ன தப்பு செஞ்சா?"

"ஒண்ணும் செய்யல."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா?"

"சொல்லியிருக்கணும்."

"ஏன் சொல்லல?"

அர்மாஸ் யோசித்தார். வெட்கம் என்று சொல்லலாம். பயம் என்று சொல்லலாம். "மூடி போட்டாப் போதும்னு நெனச்சேன்" என்றார்.

படகில் திரும்பும்போது அவள் அவருக்கு முதுகைக் காட்டி முன்பக்கம் உட்கார்ந்திருந்தாள். துறைமுகத்தில் இறங்கி, நன்றி என்றுகூடச் சொல்லாமல் நடந்தாள். பத்தடி போய்த் திரும்பி வந்தாள்.

"சைமி அத்தைக்கு அந்த ஒரு மணி நேரம் தெரிய வேணாம், மாமா."

"சரி."

அன்று சாயங்காலம் அர்மாஸ் சமையலறை மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதினார். இந்த முறை உள்ளூர்ச் செய்தித்தாளுக்கு. பத்து வரிதான். இன்ன வருடம் இன்ன இடத்தில் கிணற்றின் மூடியையும் படிகளையும் அறுத்து எடுத்தது நான். பலகை போட்டதும் நான். அதில் விழுந்தது என் மகள். இதில் கிர்ஸிமீதும் அவள் தாய் ஐலிமீதும் எந்தக் குற்றமும் இல்லை. இதைப் பதினேழு வருடம் தெரிந்தே மறைத்தேன். கீழே முழுப் பெயர், தெரு, வீட்டு எண். சைமியிடம் நீட்டினார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள்.

"'தெரிந்தே'ங்கற சொல்லு இருக்கு. நல்லது" என்றாள். கடித உறையை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

கடிதம் வெளியான வாரத்தில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து கைகுலுக்கினார்கள். மூன்று பேர் தெருவில் வணக்கம் சொல்வதை நிறுத்தினார்கள். பட்டறைப் பழைய நண்பன் ஒருவன், "எதுக்குய்யா இப்ப இதெல்லாம்? அந்தக் காலத்துல எல்லாரும் வெட்டினதுதானே" என்றான். ரொட்டிக் கடையில் வேலை பார்த்த பெண்களில் ஒருத்தி ஐலியின் கல்லறையில் பூ வைத்துவிட்டு வந்ததாகப் பேச்சு வந்தது. ஐலி அதற்குள் மண்ணுக்கடியில் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. அர்மாஸ் செய்தித்தாளிலிருந்து அந்தத் துண்டை வெட்டி வெஸ்தெரோஸுக்கு அனுப்பினார். பதில் இல்லை.

நவம்பரில் ஒரு மத்தியானம். மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. சைமி துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். அர்மாஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து கரணையில் ஒட்டிய சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு அந்தப் பொண்ணு என்ன சொன்னா?" சைமி நிமிராமல் கேட்டாள். ஆறு மாதம் கழித்துக் கேட்டாள்.

"அம்மாவப் பத்திச் சொன்னா."

"விர்பியப் பத்தி?"

கரணை கையில் நின்றது. "ஒண்ணும் புதுசா இல்ல."

"கஷ்டப்பட்டாளா?"

"இல்ல" என்றார். "டாக்டர் சொன்னதுதான். விழுந்ததும் போயிருச்சு."

சைமி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியைத் துணியிலிருந்து எடுத்துத் தாங்கியில் நிறுத்திவிட்டுப் பார்த்தாள். வாழ்க்கையில் ஒரு பெரிய உண்மையை மறைத்துவைத்துப் பிறகு போட்டுடைத்த மனிதனின் முகம் அவளுக்கு நன்றாகத் தெரியும். அர்மாஸ் கண்ணை எடுக்காமல் இருக்கப் பாடுபட்டார்.

"சரி" என்றாள். தலையணை உறையை எடுத்து, நான்காக மடித்து, மறுபடி தேய்க்கத் தொடங்கினாள்.

நம்பினாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அதற்கடுத்த வருடம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போனது. மருத்துவமனையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்களில் பலமுறை அவருக்குச் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. சொன்னால் இறங்குவது தன் பாரம்தான், ஏறுவது அவள்மேல் என்று இந்த முறை அவருக்குத் தெரிந்திருந்தது. மார்ச் மாதத்தில், கடலில் இன்னும் பனிக்கட்டி இருந்தபோது, சைமி போனாள்.

அந்தச் சாவுக்குக் கிர்ஸி வரவில்லை. ஒரு அட்டை வந்தது. அதில் இரண்டு வரி. ஆகஸ்டில் வருகிறேன், படகு இருக்கிறதா என்று கேட்டிருந்தாள். வந்தாள். அதற்கடுத்த ஆகஸ்டிலும் வந்தாள். அர்மாஸ் தேடிக் கண்டுபிடித்த குழிகளுக்கு அவள் மணல் வாளி தூக்கினாள், கம்பி பிடித்தாள். "உங்க கலவைல தண்ணி ஜாஸ்தி, மாமா" என்று குறை சொன்னாள். "சலவைக்காரிக்குத் தண்ணியப் பத்தி நல்லாத் தெரியும்" என்று அவர் சொன்னார். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஒருமுறை ஏதோ ஒரு தீவில் மதியச் சாப்பாட்டின்போது, கணக்கு டீச்சர் மாதிரி விர்பி எப்படிப் பேசுவாள் என்று அவர் கேட்டார். கிர்ஸி பேசிக் காட்டினாள். சரியாக வரவில்லை என்று அவளே நிறுத்திக்கொண்டாள்.

தொண்ணூற்றொன்பதாம் வருடம் அவருக்கு இதயம் தளர்ந்துவிட்டது. படகில் ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கிர்ஸி வந்தபோது இருவரும் துறைமுகச் சந்தைக்கு நடந்தார்கள். மெதுவாக நடந்தார்கள், இரண்டு இடத்தில் நின்றார்கள். வறுத்த சின்ன மீன் ஒரு காகிதத் தட்டில் வாங்கிக்கொண்டு கடலைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"இன்னும் எத்தன பாக்கி இருக்கு, மாமா?"

"தெரியல. எல்லாத்தயும் யாரு பாத்தா?"

"எழுதி வெச்சிருக்கீங்களா?"

"மூடினத எழுதினேன். மூடாதது எங்க இருக்குன்னு எனக்கெப்படித் தெரியும்?"

கிர்ஸி மீனின் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தாள். மேற்கே மேகம் கறுத்துவந்தது. சந்தைக்காரர்கள் கூடாரத் துணியை இழுத்துக் கட்டத் தொடங்கினார்கள். முதல் துளி விழுந்ததும் அவள் எழுந்து, தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மற்றக் கையை அவரிடம் நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவள் மழைக்கோட்டு இருவருக்கும் போதவில்லை. நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தார்கள்.